வெளிநாட்டு உதவியில் கழிவறை: முதல் குழி நிறையும்போது யார் பொறுப்பு?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அறுபது வீடுகள் உள்ள குடியிருப்பு. பாதி வீடுகளில் கழிவறை இல்லை, இருக்கிற வீடுகளிலும் பல குழிகள் நிறைந்து மூடிக் கிடக்கின்றன. உறவினர் மூலம் அறிமுகமான ஜெர்மனி தேவாலயக் குழு ஒன்று பணம் தரத் தயாராக இருக்கிறது. பாதாளச் சாக்கடை தேவைப்படாத, நிலைத்து நிற்கிற மாடல் எது என்பது அவர் கேள்வி. கேட்டது மாடலைத்தான். ஆனால் கேள்வியை இரண்டு தடவை படித்தால், வெளியிலிருந்து வரும் பணம் தீர்ந்த பிறகும் இது ஓடுமா, ஓட்டுவது யார் என்பதுதான் அவர் மனதில் இருக்கிறது என்று தோன்றுகிறது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன், மாடலும் நடுவில் வரும்.

நான் சிவில் படித்தவன். பாலக்காடு, கோவை எல்லையில் குடிநீர், கழிவறைத் திட்டங்களில் தொண்டு நிறுவனங்களோடும் பஞ்சாயத்துகளோடும் பல வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். உங்கள் குடியிருப்பை நான் பார்த்ததில்லை, அதனால் மண்ணைப் பற்றி இங்கே சொல்வதெல்லாம் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கத்துக்குப் பொதுவானது. உங்கள் கொல்லைக்கு அது பொருந்துகிறதா என்பதைத் தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

முதலில் காலக் கணக்கு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒரு மீட்டர் விட்டத்தில் போடும் ரெட்டைக் குழிக் கழிவறையில், ஒரு குழி நிறைய ஏறத்தாழ மூன்று வருஷம் என்று வைத்துத்தான் வடிவமைக்கிறார்கள். நிறைந்ததும் அதை அடைத்துவிட்டு அடுத்த குழிக்குத் திருப்ப வேண்டும், முதல் குழியை ஒன்றரை முதல் இரண்டு வருஷம் சும்மா விட வேண்டும், அப்புறம் அள்ள வேண்டும். அதாவது கழிவறை கட்டியவரின் வேலை சரியா தப்பா என்பது ஐந்தாவது வருஷத்தில்தான் தெரியும். வெளிநாட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் இரண்டு, மூன்று வருஷத்தில் முடிந்துவிடுகின்றன. இப்போது சட்டமும் சேர்ந்துகொண்டது: ஒரு குறிப்பிட்ட வேலைக்கு முன் அனுமதி வாங்கிப் பணம் பெறுகிறவர்கள் அனுமதி கிடைத்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் பணத்தைப் பெற்று, நான்கு வருஷத்துக்குள் செலவழித்து முடிக்க வேண்டும் என்று 2025 ஏப்ரலில் உள்துறை அமைச்சகம் அறிவித்தது. ஆக, திட்டம் நன்றாக முடிந்தது என்று புகைப்படத்தோடு அறிக்கை போய், கல்வெட்டும் வைத்த பிறகுதான் முதல் குழி நிறையும். அன்றைக்கு அந்த வீட்டுப் பெண் யாரைக் கூப்பிடுவாள்? இதற்கு ஒரு பெயரும் ஒரு பதவியும் பதிலாகக் கிடைக்காதவரை ஒரு பைசா வாங்க வேண்டாம் என்பது என் திடமான கருத்து.

இனி மண். உங்கள் பக்கம் கேரளத்தின் மற்ற இடங்கள் மாதிரி வெட்டுக்கல் பூமி அல்ல. வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் நிறைய இடங்களில் கரிசல் இருக்கிறது. கரிசல் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும், தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். குழிக் கழிவறையின் உயிரே மண் குடிக்கும் வேகத்தில்தான் இருக்கிறது. நம் ஊர்க் கணக்கில் ஊற்றிக் கழுவும் கழிவறையிலிருந்து ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்பதரை லிட்டர் குழிக்குப் போகும் என்று எடுத்துக்கொள்வார்கள். ஐந்து பேருக்கு 47 லிட்டர் சொச்சம். மணல் மண்ணாக இருந்தால் ஒரு சதுர மீட்டர் குழிச்சுவர் ஒரு நாளைக்கு 50 லிட்டர் குடித்துவிடும், இறுகிய களிமண் 10 லிட்டர்தான் குடிக்கும், உப்புகிற கரிசல் அதற்கும் கீழே. மணலில் ஒரு சதுர மீட்டர் போதும் என்றால் களிமண்ணில் கிட்டத்தட்ட ஐந்து சதுர மீட்டர் வேண்டும், ஒரு மீட்டர் விட்டமுள்ள குழி உறைக்கு அது ஒன்றரை மீட்டர் ஆழம், அதுவும் குழாய் நுழையும் மட்டத்துக்குக் கீழே. கரிசலில் அதையும் தாண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் எல்லா ஊருக்கும் ஒரே வரைபடத்தை வைத்துக் கட்டியதால்தான் உங்கள் ஊரில் குழிகள் சீக்கிரம் நிறைந்திருக்க வேண்டும். பெரும்பாலும் அங்கே நிறைந்திருப்பது மலம் அல்ல, போக இடமில்லாத தண்ணீர். குளிக்கிற தண்ணீரையும் அதிலேயே விட்டிருந்தால் சொல்லவே வேண்டாம்.

கரிசலுக்கு வைத்தியம் உண்டு, புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. உறைக்கு வெளியே சுற்றிலும் ஒரு அடி, அதாவது 30 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தோண்டி, மணல், சரளை, உடைந்த செங்கல் போட்டு நிரப்ப வேண்டும். மண் உப்பும்போது வரும் அழுத்தத்தை அது தாங்கிக்கொள்ளும், உறை வெடிக்காது, தண்ணீர் தொடும் மண்ணின் பரப்பும் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். செலவு கூடும், அந்தக் கூடுதல் செலவை அரசு மானியம் தராது, ஆகவே அதை வெளிநாட்டுப் பணத்தில் கேட்பது நியாயம். ஆனால் இப்படிக் கட்டிய குழி கரிசலில் இத்தனை வருஷம் உழைக்கும் என்று நான் எழுதிக்கொடுக்க மாட்டேன். நன்றாக ஓடியவற்றையும் பார்த்திருக்கிறேன், ஒரு பெரிய மழையில் திணறியவற்றையும் பார்த்திருக்கிறேன், இரண்டுக்கும் வித்தியாசம் பல சமயம் அந்தக் கொல்லையில் களிமண் எவ்வளவு ஆழம் போகிறது என்பதுதான்.

அதனால் சோதனை. குழி போடப் போகும் ஆழம் வரைக்கும் சின்னதாக ஒரு துளை தோண்டி, அடியில் கொஞ்சம் ஜல்லி போட்டு, ராத்திரி முழுக்கத் தண்ணீர் ஊற விட்டு, காலையில் ஜல்லிக்கு மேல் 15 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அரை மணி நேரத்தில் எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்று பாருங்கள். குடியிருப்பின் நாலு மூலையிலாவது செய்ய வேண்டும், செம்மண்ணும் கரிசலும் ஒரே தெருவில் மாறும் ஊர் உங்களுடையது. கிணற்று நீர்மட்டத்தை மேட மாசத்து வெயிலில் அளந்துவிட்டு நிம்மதி அடைய வேண்டாம், துலா மழையில், ஐப்பசி கார்த்திகையில் அளக்க வேண்டும். அந்த மட்டத்துக்கும் குழியின் அடிக்கும் நடுவில் இரண்டு மீட்டர் காய்ந்த மண் இருக்குமானால், மண் ரொம்ப மணலாக இல்லாமலும் இருந்தால், குடிநீர்க் கிணறு கொஞ்சம் பக்கத்தில் இருந்தாலும் ஆபத்து குறைவு. குழி தண்ணீரைத் தொடுகிறது என்றால் குறைந்தது பத்து மீட்டர் தள்ள வேண்டும், பாறை வெடிப்பு உள்ள இடத்தில் அதையும் நம்ப முடியாது. "ஆழமாகத் தோண்டினால் ஆயுசுக்கும் நிறையாது" என்று மேஸ்திரி சொல்வார். அதைக் கேட்டு ஒத்துக்கொண்டால் நேராகக் கிணற்று ஊற்றில் கொண்டு போய் விடுவோம். கழிவிலிருந்து கிணற்று நீரில் இறங்கும் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்கக் கூடாது. வேலை தொடங்கும் முன்பும், பிறகு வருஷத்துக்கு ஒரு தடவையும் கிணறுகளைச் சோதிக்கப் பணம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

மண் குடிக்கவே இல்லை என்று தெரிந்தால் வேறு வழி என்ன? நாலைந்து வீட்டுக்கு ஒன்றாகச் சேர்த்து மூடிய தொட்டியில் கசடை நிறுத்தி, தெளிந்த தண்ணீரை மட்டும் சின்னக் குழாயில் கொண்டுபோய், தடுப்புச் சுவர்கள் வைத்த காற்றில்லாத் தொட்டிகள் வழியாக மேலும் கீழுமாக ஓட விட்டு, கடைசியில் கல்வாழை நட்ட ஜல்லிப் படுகையில் விடுவது. டீவாட்ஸ் என்று சொல்வது இதைத்தான். ஜெர்மனியின் போர்டா நிறுவனமும் பெங்களூரின் சி.டி.டி.யும் இந்தியாவில் இதைப் பரப்பியவர்கள், புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனையில் இப்படி ஒன்று இருக்கிறது. நிலத்தின் சாய்வு சரியாக இருந்தால் மின்சாரமே வேண்டாம், கசடு தொட்டியிலேயே நின்றுவிடுவதால் தண்ணீர் குறைவான ஊரிலும் குழாய் அடைக்காது. உங்களை மாதிரி லாரித் தண்ணீர் பார்த்த ஊருக்கு இது பெரிய விஷயம். ஆனால் இதிலிருந்து வெளியே வரும் தண்ணீரில் கிருமி போய்விடாது, நைட்ரஜனும் பெரிய அளவில் குறையாது. தென்னைக்கு விடலாம், கீரைக்குக் கூடாது. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை தொட்டிக் கசடை லாரி வந்து உறிஞ்ச வேண்டும், அந்த லாரி அதை எங்கே கொட்டுகிறது என்பதும் உங்கள் திட்டத்துக்குள் வர வேண்டிய கேள்வி. எல்லை ஊர்க்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை, வேலந்தாவளம் தாண்டினால் வேறு மாநிலம், வேறு அதிகாரி, ராத்திரி ஓடையில் கொட்டிவிட்டுப் போனால் கேட்க ஆள் இல்லை. எந்தச் சுத்திகரிப்பு நிலையம் எடுத்துக்கொள்கிறது என்று எழுத்தில் வாங்கிவிட்டுத்தான் இந்த மாடலைத் தொட வேண்டும்.

மூன்றாவது, சிறுநீரையும் மலத்தையும் பிரிக்கும் உலர் கழிவறை. இதில் கேரளத்துக்குச் சொந்த வரலாறே உண்டு. பால் கால்வெர்ட் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் 1990களில் திருவனந்தபுரம் கடற்கரையில் புல்லுவிளை மீனவர் ஊரில், தண்ணீர் மேலேயே நிற்கும் மணலில், தரைக்கு மேல் இரண்டு அறை வைத்து இதைக் கட்டினார், கால் கழுவும் தண்ணீர் தனியாகச் செடிப் பாத்திக்குப் போகும். பிறகு முசிறியில் ஸ்கோப் நிறுவனம் காவிரிக் கரையில் இதைப் பெரிதாக எடுத்துச் செய்தது, அதை நடத்திய மராச்சி சுப்புராமனுக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. தொழில்நுட்பம் வேலை செய்கிறது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சாம்பல் போட்டு உலர வைத்து, நம் வெயில் சூட்டில் ஒரு வருஷத்துக்கு மேல் மூடி வைத்தால் உருண்டைப் புழுவின் முட்டை வரைக்கும் செத்துவிடும். சந்தேகம் எல்லாம் உங்கள் ஊர் ஏற்குமா என்பதில்தான். சித்தூரில் "கசடு நல்ல உரம்" என்று யார் சொன்னாலும் பிளாச்சிமடை ஞாபகம் வரும். குளிர்பான ஆலைக் கசடை உரம் என்று வயலுக்குக் கொடுத்தார்கள், 2003இல் அதில் காட்மியமும் ஈயமும் இருப்பதாகச் சோதனையில் தெரிந்தது. மனிதக் கசடு வேறு, ஆலைக் கசடு வேறு என்று வேதியியல் பேசி அந்தப் பயத்தைப் போக்க முடியாது. இரண்டு குடும்பங்கள் தாமாக முன்வந்தால் கட்டிக் காட்டுங்கள், ஒரு வருஷம் மற்றவர்கள் பார்க்கட்டும். அறுபதையும் இப்படிக் கட்டச் சொல்லும் நன்கொடையாளர் வந்தால் மறுத்துவிடுங்கள்.

குழி நிறைந்தால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டேன் அல்லவா, அள்ளுவது யார் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் எல்லைப் பகுதியில் இந்த வேலை அருந்ததியர் வீடுகளின் தலையில் தானாக விழும் என்று எல்லோருக்கும் தெரியும், திட்ட அறிக்கையில் மட்டும் அது இருக்காது. மக்கி முடியாத மலத்தைக் கையால் அள்ள வைப்பது 2013ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். ரெட்டைக் குழியின் பெரிய அறமே, இரண்டு வருஷம் விட்ட குழியில் இருப்பது நாற்றமில்லாத மண், அதை அந்தந்த வீட்டுக்காரரே மண்வெட்டியால் அள்ளலாம் என்பதுதான். கட்டும்போது இரண்டு குழியையும் ஒரே நேரத்தில் திறந்து விட்டால் இரண்டும் சேர்ந்து நிறையும், மக்க நேரமே கிடைக்காது, திரும்ப அதே ஆட்களைத்தான் கூப்பிடுவார்கள். எத்தனையோ ஊரில் இப்படித்தான் நடந்தது. பிரியும் இடத்தில் வைக்கும் சின்னச் சதுரத் தொட்டியில் ஒரு வழியை அடைக்க ஒரு செங்கலும் கொஞ்சம் சிமென்டும் போதும். மேஸ்திரிக்கும் வீட்டுப் பெண்களுக்கும் அதைத் திறந்து காட்டிவிட்டு வர வேண்டும். தண்ணீர் நிற்கும் குழியில் மக்குவது தாமதமாகும், அங்கே இந்த இரண்டு வருஷக் கணக்கு செல்லாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, பணத்துக்கு வருவோம். கட்டுமானத்துக்கு ஏற்கெனவே அரசிடம் வழி இருக்கிறது: தகுதியுள்ள வீட்டுக்கு ஸ்வச் பாரத் திட்டத்தில் 12,000 ரூபாய், அதுபோக பஞ்சாயத்தின் திட்ட நிதி, பட்டியல் சாதியினருக்கான ஒதுக்கீடு. ஒரு தடவை வாங்கிய வீட்டுக்குத் திரும்பக் கிடைக்காது, உங்கள் ஊரில் நிறைந்து கிடக்கும் கழிவறைகள் அந்த வகையாகத்தான் இருக்கும். அவற்றைச் சரி செய்ய, மண் சோதிக்க, இரண்டாவது குழி போட, உள்ளூர்ப் பெண்களுக்குக் கொத்து வேலை பழக்க, ஐந்தாறு வருஷம் வீடு வீடாகப் போய்ப் பார்க்க ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுக்க, வெளிப் பணத்தை இங்கெல்லாம் வையுங்கள். கேரளத்தில் இதற்கு முன்மாதிரி உண்டு. 1980களின் கடைசியில் டச்சு, டேனிஷ் உதவியோடு நடந்த குடிநீர்த் திட்டங்களுக்குள் சமூகப் பொருளாதாரப் பிரிவுகள் என்று அமைத்து, வார்டு அளவில் குழு போட்டு, வீட்டுக்காரரிடமும் பங்கு வாங்கிக் கழிவறை கட்டினார்கள். திருச்சூரில் பெண்கள் கொத்தனாராக வந்தது அந்தக் காலத்தில்தான். 2000இல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய ஜலநிதி குடிநீர்த் திட்டத்திலும் பயனாளிகள் பங்கு போட்டார்கள், பராமரிப்பு அவர்கள் பொறுப்பு. ஏழைகளிடம் ஏன் காசு வாங்க வேண்டும் என்று உங்கள் ஜெர்மன் நண்பர்கள் கேட்பார்கள். அந்தக் காசு கட்டவே முடியாத வீடுகளை ஊரே அடையாளம் சொல்லும், அவர்களுக்கு விலக்கு கொடுங்கள், மற்றவர்களிடம் வாங்குங்கள். போட்டவர்தான் கணக்குக் கேட்பார்.

மறுபக்கமும் பாருங்கள். பக்கத்து அட்டப்பாடியில் 1996இல் ஜப்பான் கடனில் தொடங்கிய அஹாட்ஸ் என்ற மலைச்சூழல் மீட்புத் திட்டம், 219 கோடி ரூபாய். மலை பச்சையானது உண்மை, ஊர் ஊராகச் சமிதி, அதாவது ஊர்க் குழு, இருந்தது உண்மை. 2010ஐ ஒட்டித் திட்டம் முடிந்தபோது அந்த அமைப்பை எந்தத் துறை எந்தப் பட்ஜெட்டில் நடத்தும் என்பது தீராமலே போனது. வடக்காஞ்சேரியில் எமிரேட்ஸ் செம்பிறைச் சங்கத்தின் பணத்தில் கேரள அரசின் லைஃப் மிஷன் திட்ட வீடுகள் எழும்பின, 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது, கட்டடம் பாதியில் நின்றது. வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது நமக்கு வேண்டாம், வீடு கிடைக்க வேண்டியவர்கள் காத்துக் கிடந்தார்கள் என்பதுதான் நமக்குப் பாடம்.

எனவே எஃப்.சி.ஆர்.ஏ., அதாவது அந்த வெளிநாட்டு நன்கொடைச் சட்டம். 2010ஆம் வருஷத்து அந்தச் சட்டப்படி, தேவாலயக் குழு உங்கள் அயல்கூட்டத்தின் (குடும்பஸ்ரீயின் அக்கம்பக்கத்துப் பெண்கள் குழு) கணக்குக்கோ உங்கள் சொந்தக் கணக்குக்கோ திட்டப் பணம் அனுப்ப முடியாது. பதிவு உள்ள நிறுவனமோ முன் அனுமதி பெற்ற நிறுவனமோ, புதுதில்லி பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறந்த கணக்கில்தான் முதலில் வாங்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அவர்கள் அதை இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற்றவும் முடியாது, ஆக கோழிக்கோட்டில் இருக்கும் பெரிய நிறுவனம் வாங்கி உங்களிடம் கொடுக்கட்டும் என்ற யோசனை நடக்காது, அவர்களே வந்து வேலை செய்ய வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வீடு வீடாகப் போகும் களப்பணியாளரின் சம்பளம் அதற்குள் வருமா, திட்டச் செலவில் வருமா என்பதை ஆடிட்டரிடம் முதலிலேயே கேட்டு வைக்கச் சொல்லுங்கள், பாதியில் கண்டுபிடித்தால் அந்த ஆளைத்தான் நிறுத்துவார்கள். உங்கள் உறவினர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு தன் சொந்தச் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, ஜெர்மன் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால் ஆகும். இது நான் வேலையில் கற்றுக்கொண்ட அளவு, விதிகள் அடிக்கடி மாறுகின்றன, நான் வழக்கறிஞரும் இல்லை.

நன்கொடையாளர்களுக்கு எழுதும்போது அறுபது கழிவறைக்கு எஸ்டிமேட் அனுப்ப வேண்டாம். முதலில் மண் சோதனைக்கும் கிணற்று நீர்ச் சோதனைக்கும் வீட்டுக் கணக்கெடுப்புக்கும் மட்டும் சின்னத் தொகை கேளுங்கள். அது முடிந்ததும் பத்து வீடு, ஒரு மழைக்காலம் பார்த்த பிறகு மீதி. முன் அனுமதிக்குப் பதில் பதிவு உள்ள நிறுவனத்தைப் பிடித்தால் அந்த நான்கு வருஷக் கெடுவும் தொல்லை தராது. அதே சமயம் கிராமசபையில் தீர்மானம் போடுங்கள், ஆறாவது வருஷத்திலிருந்து பார்வையிடும் வேலையைப் பஞ்சாயத்து ஏற்கிறது, கசடு லாரிக்கு ஏற்பாடு செய்கிறது என்று. மெம்பர் வாயால் சொன்னது தேர்தலோடு போய்விடும், மினிட்ஸ் புத்தகத்தில் இருந்தால் அடுத்த மெம்பரிடமும் காட்டலாம். வீட்டுக்கு மாதம் ஐம்பது ரூபாய் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் தனிக் கணக்காகச் சேர்ந்தால் அறுபது வீட்டுக்கு வருஷம் 36,000 ரூபாய், உடைந்த மூடிக்கும் பீங்கானுக்கும் அவ்வப்போது லாரிக்கும் தாங்கும். அந்தக் கணக்கில் வெளிநாட்டுப் பணம் ஒரு ரூபாய்கூடக் கலக்கக் கூடாது. துளை தோண்டி அளந்ததும் நாலு மூலை எண்களையும் ஐப்பசிக் கிணற்று மட்டத்தையும் இங்கேயே போடுங்கள், எந்த வீட்டுக்கு எந்த மாடல் என்று அப்போது குறிப்பாகச் சொல்ல முடியும்.